சந்தனம் வைத்த ரௌட்டர்

நான் படித்த பொறியியல் கல்லூரியில் எங்கள் துறைக்கென்று இரண்டு ரௌட்டர்கள் இருந்தன. முதல் மூன்று வருஷமும் அவற்றின் மேல் என் கை பட்டதெல்லாம் ஆயுத பூஜை அன்று சந்தனப் பொட்டு வைப்பதற்காக மட்டும்தான். பெங்களூரில் என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைக்கிறேன். உள்ளுக்குள் எரிவது அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கல்லூரி தேனிக்கு வெளியே இருந்தது. பேருந்தை விட்டு இறங்கினால் ஒரு நுழைவு வளைவு, வளைவுக்கு அப்பால் கட்டடங்கள், கட்டடங்களுக்குப் பின்னால் சோளக்காடு. வளைவில் தங்க நிற எழுத்தில் உலகத்தரம் என்று போட்டிருந்தது. எங்கள் ஊர் சின்னமனூரை ஒட்டி. அப்பா வாழை விவசாயி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் என்றால் நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை, பெண் பிள்ளைக்கு ஏற்றது என்று யாரோ சொல்லி, அப்பா அதில் சேர்த்துவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் மூன்றாம் வருஷம் நெட்வொர்க் பாடம் வந்தபோது, தப்பித் தவறி நல்ல இடத்தில்தான் வந்து விழுந்திருக்கிறோம் என்று தோன்றியது.

அந்தப் பாடத்தை எங்களுக்கு நடத்திய மேடம் புத்தகத்தை விட்டுத் தலை நிமிர மாட்டார். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போவதற்கு ஏழு அடுக்குகள், அவற்றின் பெயர்களை வரிசையாகக் கூவ வேண்டும். அறுபது பேரும் சேர்ந்து கூவினால் பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். எந்த அடுக்கு என்ன செய்கிறது என்று கேட்டால், 'பரீட்சைக்கு வரையச் சொல்லுவாங்க, படத்தைப் போட்டுருங்க' என்பார். நல்ல மனுஷிதான். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

நானாக வீட்டில் உட்கார்ந்து படித்தேன். பள்ளியில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி இருந்தது. பேசுவதற்கு முன் இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்வது, ஒரு பெரிய செய்தியைத் துண்டு துண்டாக்கி வேறு வேறு வழியில் அனுப்பி, போய்ச் சேருகிற இடத்தில் வரிசை மாறாமல் கோத்துக்கொள்வது, இதெல்லாம் எனக்குக் கதை படிப்பதுபோல் இருந்தது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. வழியில் ஒரு துண்டு தொலைந்துபோனால், யாரையும் திட்டாமல் மறுபடி அனுப்புகிறார்கள். தொலைத்தது யார் என்கிற பஞ்சாயத்தே கிடையாது. இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்தவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த வயதில் அப்படியெல்லாம் தோன்றும்.

ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கேபிளைச் சீவி முனையில் பிளக் பொருத்துவது பையன்கள் வேலை. மேசைக்கு அடியில் குனிந்து ஒயர் இழுப்பது பையன்கள் வேலை. ரெக்கார்டு எழுதுவது பெண்கள் வேலை, ஏனென்றால் எங்கள் கையெழுத்து அழகாக இருக்குமாம். பையன்களின் ரெக்கார்டையும் சேர்த்து நாங்களே எழுதிக் கொடுப்போம். எதைப் பார்த்து எழுதுவோம்? போன வருஷத்து அக்காக்கள் எழுதியதைப் பார்த்து. அவர்கள் அதற்கு முந்தைய வருஷத்து அக்காக்களைப் பார்த்து. ஒரு நாளும் ஓடாத ஒரு நெட்வொர்க்கின் விடைகள் இப்படி வருஷா வருஷம் கை மாறி வந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் சிவப்பு மையில் டிக் விழுந்தது.

ரௌட்டர்கள் இரண்டும் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. ஒரு நெட்வொர்க்கிலிருந்து வரும் செய்தியை எந்தப் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்கிற பெட்டிதான் ரௌட்டர். அது இல்லாமல் இந்தப் பாடத்தைப் படிப்பது, மாட்டைப் படத்தில் பார்த்துப் பால் கறக்கப் பழகுவது மாதிரி. ஆனால் அவை வாங்கப்பட்டது நாங்கள் படிப்பதற்காக இல்லை. கல்லூரியைச் சோதிக்க வெளியிலிருந்து குழு வரும்போது காட்டுவதற்காக. சாவி துறைத்தலைவரின் இடுப்பில் இருந்தது.

கடைசி வருஷத் தொடக்கத்தில் ஒரு செய்தி வந்தது. நெட்வொர்க் வேலைக்கே ஆள் எடுக்கிற ஒரு நிறுவனம் தீபாவளி கழிந்து எங்கள் கல்லூரிக்கு வருகிறது. வழக்கமாக வருகிற கம்பெனிகள் எந்த வேலைக்கு எடுக்கிறோம் என்றே சொல்லாது. இது அப்படி இல்லை. நிஜ ரௌட்டரில் வேலை செய்த அனுபவம் இருக்க வேண்டும், அதைப் பற்றித்தான் கேட்போம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். எனக்கென்றே அனுப்பியதுபோல் இருந்தது. மடிக்கணினியில் பொம்மை ரௌட்டர்களை வைத்து எத்தனையோ நெட்வொர்க்குகளைக் கட்டிப் பிரித்திருந்தேன். நிஜப் பெட்டியோடு ஒரு வாரம் கிடைத்தால் போதும், அந்த வேலை எனக்குத்தான் என்று மனதில் எழுதியே வைத்துவிட்டேன்.

அலமாரியைத் திறக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதினேன். அதில் வகுப்பாசிரியர் கையெழுத்துப் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார். மேடம் ஒரு கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு முத்திரை குத்தி துறைத்தலைவருக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு அடுக்கும் தன் பங்குக்கு ஒன்றை ஒட்டி அடுத்த அடுக்குக்குத் தள்ளிவிடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். அதைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

துறைத்தலைவர் கூப்பிட்டு விட்டார். "ஏம்மா, இன்ஸ்பெக்சன் வர்ற நேரத்துல கீறல் ஏதும் விழுந்தா யாரு பதில் சொல்றது? ரெக்கார்டுலதான் அவுட்புட் இருக்கே, அதப் படிச்சிட்டுப் போ."

"அது நெசமான அவுட்புட் இல்ல சார்."

"நெசமோ பொய்யோ, எல்லாரும் அதப் படிச்சுத்தான பாஸாகிப் போயிருக்காக. ஒனக்கு மட்டும் என்ன?"

விண்ணப்பத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. தாளாளர் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பஞ்சு அரவை மில் நடத்தியது. கல்லூரி பிற்பாடு வந்தது. மில்லில் என்ன வழக்கமோ அதுதான் கல்லூரியிலும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பூஜை நடக்க வேண்டும். நின்றுபோன இயந்திரத்துக்குக் கற்பூரம் காட்டினால் வருஷம் பூராவும் நின்றே கிடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் அன்று கல்லூரிப் பேருந்துகள் எஞ்சினை ஓடவிட்டபடி வரிசையாக நிற்கும், லேத் பட்டறை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். எங்கள் துறையில் எல்லாக் கணினிகளையும் போட்டுவிட்டு, ரௌட்டர்களை வெளியே எடுத்து மேசை மேல் பட்டுத்துணி விரித்து வைத்து, அவற்றுக்கும் கரண்ட் கொடுப்பார்கள். தாளாளர் பித்தளைச் செம்பும் மாவிலையுமாகத் துறை துறையாக வந்து தன் கையாலேயே தீர்த்தம் தெளிப்பார்.

அன்று காலை துறைத்தலைவர் சாவியைக் கொடுத்து, "எடுத்து வச்சு ஆன் பண்ணிருங்க, பச்சை லைட்டு எரியணும்" என்று சொல்லிவிட்டுத் தாளாளரை வரவேற்கக் கீழே போனார். பையன்கள் மாவிலைத் தோரணம் கட்டப் போய்விட்டார்கள். நானும் மேடமும் மட்டும் இருந்தோம். சந்தனம் வைத்தாயிற்று. எனக்கு விரல்கள் துறுதுறுத்தன.

"மேடம், ஒரே ஒரு தடவ போட்டுப் பாத்துக்கிறேன்" என்றேன்.

மேடம் வாசலைப் பார்த்தார். "சீக்கிரமாப் பாத்துட்டு எடுத்துரும்மா" என்றார்.

அட்டைப் பெட்டியில் பிரிக்கப்படாமலே இருந்த நீல நிற ஒயரைப் பிரித்துக் கணினியில் சொருகினேன். திரையில் ரௌட்டர் கண் விழித்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது செய்தி போய்வருகிற அதன் வாசல்கள் எல்லாம் மூடியபடிதான் வரும். திற என்று யாராவது ஒரு கட்டளை கொடுத்தால்தான் திறக்கும். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு கட்டளையை யாரும் கொடுத்திருக்கவில்லை. வருஷா வருஷம் பச்சை விளக்கு எரிந்திருக்கிறது, பொட்டு வைத்திருக்கிறார்கள், கும்பிட்டிருக்கிறார்கள், ஒரு வாசல்கூடத் திறந்ததில்லை. நான் திறந்தேன். இரண்டு ரௌட்டரையும் ஒயரால் இணைத்து, முகவரி கொடுத்து, வழி சொல்லிக் கொடுத்தேன். ஒரு முனையில் இருந்த கணினியிலிருந்து மறுமுனைக்கு 'இருக்கிறாயா' என்று கேட்டு அனுப்பினேன். முதல் கேள்விக்குப் பதில் இல்லை. அடுத்ததற்குப் பதில் வந்தது. அப்புறம் வந்துகொண்டே இருந்தது, வரி வரியாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்துருச்சு மேடம்" என்று கத்தினேன். மேடமும் ஓடி வந்து குனிந்து பார்த்தார். அவரும் அதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அப்போது மணிச் சத்தம் கேட்டது. எழுந்து ஒதுங்கி நின்றோம். ஒயரைப் பிடுங்க நேரமில்லை. தாளாளர் வந்தார், பின்னால் துறைத்தலைவரும் கூட்டமும். கற்பூரம் காட்டினார்கள். தாளாளர் மாவிலையைச் செம்பில் நன்றாக முக்கி, கணினிகள் மேல் இரண்டு சொட்டும், நடுநாயகமாக வைத்திருந்த ரௌட்டர் மேல் தாராளமாகவும் தெளித்தார். ரௌட்டரின் மேல்மூடியில் காற்றுப் போவதற்கு வரிசையாகத் துளைகள் உண்டு. டப் என்று ஒரு சத்தம். பச்சை விளக்கு அணைந்தது. கற்பூர வாசத்தோடு கருகல் வாடையும் சேர்ந்து வந்தது. திரையில் வந்துகொண்டிருந்த பதில் நின்றுபோனது.

"என்னய்யா ஆச்சு?" என்றார் தாளாளர்.

துறைத்தலைவர் ஒயரைப் பார்த்தார், அது போய்ச் சேரும் கணினியைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு ஏதோ நோண்டிருச்சுங்கய்யா" என்றார்.

"நான் நோண்டல சார். நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு. தண்ணி உள்ள போனதாலதான்..."

தாளாளர் செம்பைக் கீழே வைத்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை, உண்மையிலேயே புரியாதவர் போலத்தான் கேட்டார்: "சாமி தீர்த்தம் பட்டு எங்கயாவது எதாவது கெட்டுப் போகுமா? எங்க மில்லுல எங்க தாத்தா காலத்துல இருந்து தெளிக்கிறோம்."

மில் மோட்டாருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்குச் சொல்லக்கூடியவர்கள் அங்கே பத்துப் பேராவது இருந்தார்கள். எல்லாரும் பட்டம் வாங்கியவர்கள். ஒருவர் வாயும் திறக்கவில்லை. மேடத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூஜை விடுமுறை முடிந்ததும் அப்பாவைக் கூட்டி வரச் சொன்னார்கள். அன்று எங்கள் தோட்டத்தில் வாழைத்தார் வெட்டு. வியாபாரியின் லாரி வந்து நின்றது. அப்பா அப்படியே போட்டுவிட்டு, வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். என்னைத் துறைத்தலைவர் அறைக்குள் முன்பே நிற்க வைத்திருந்தார்கள். அப்பா உள்ளே வந்தவுடன், யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே, இரண்டு கையையும் கூப்பினார்.

"சின்னப்புள்ள, தெரியாமப் பண்ணிருச்சு. மன்னிச்சு விட்டுருங்கய்யா."

நான் சின்னப்பிள்ளை இல்லை. தெரியாமலும் பண்ணவில்லை. அந்தக் கட்டடத்தில் அந்த ரௌட்டரைத் தெரிந்து தொட்ட ஒரே ஆள் நான்தான். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா திரும்பாமலே, ஒரு கையை மட்டும் என் பக்கம் நீட்டி, பேசாதே என்று காட்டினார்.

துறைத்தலைவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பரீட்சை எழுத விடுவதாகச் சொன்னார். ஆனால் தீபாவளி கழிந்து வருகிற அந்த இன்டர்வியூவுக்கு இவளை அனுப்ப முடியாது, தாளாளர் அய்யா கண்ணில் இவள் கொஞ்ச நாள் படாமல் இருப்பது நல்லது என்றார்.

"நீங்க சொல்றபடியே செய்யுங்கய்யா" என்றார் அப்பா. அவ்வளவுதான். ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் என் வேலை போய்விட்டது. அந்த இன்டர்வியூ எனக்கு என்னவென்று அவருக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

தேனியிலிருந்து கம்பம் பேருந்தில் ஏறினோம். வீரபாண்டி நெருங்கும்போது, "எறங்கி மாரியம்மனக் கும்பிட்டுட்டுப் போவமாத்தா?" என்றார் அப்பா.

"இன்னைக்குக் கும்பிட்டது பத்தாதாப்பா?" என்றேன்.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னமனூர் வரும்வரை திரும்பவில்லை.

இன்டர்வியூ நடந்தது. பையன்கள் டை கட்டிக்கொண்டு போனார்கள். நான் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். போனவர்களில் ஒருவரையும் எடுக்கவில்லை. "மொதக் கேள்வியே ரௌட்டர்ல கை வச்சிருக்கியான்னு கேட்டாக. அலமாரியில பாத்திருக்கேன்னு சொன்னேன்" என்று ஒருத்தன் வந்து சொல்ல, வகுப்பே சிரித்தது. கம்பெனி சரியில்லை என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். செத்த ரௌட்டரைத் துடைத்து மறுபடி அலமாரிக்குள் வைத்தார்கள். பிறகு சோதனைக் குழு வந்தது, கண்ணாடிக்கு வெளியே நின்று எண்ணிப் பார்த்தது, திருப்தியாகப் போனது.

படிப்பு முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டில் கிடந்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் மாப்பிள்ளை விசாரித்தார்கள். அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு சின்ன நிறுவனத்தில், அலுவலகங்களுக்குக் கேபிள் இழுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. மேசைக்கு அடியில் குனிந்தேன், ஏணி மேல் ஏறினேன், கையெழுத்து கோணலானது. அங்கிருந்து பெங்களூர். நான் முன்னாலேயே சேர்ந்திருக்க வேண்டிய இடத்துக்கு, மூன்று வருஷம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். அந்த மூன்று வருஷத்தை எனக்கு யாரும் மறுபடி அனுப்பி வைக்கப் போவதில்லை.

இந்த வருஷம் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் அப்பாவிடமிருந்து போன் வந்தது. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"ஒம் படத்தப் பெருசாப் போட்டுருக்காகத்தா. தேனியில பஸ்ஸ விட்டு எறங்குனா மொத அதுதான் கண்ணுல படுது. எங்கள் ஆய்வகத்தில் உருவானவர்னு எழுதிப் போட்டுருக்காக."

"யாரக் கேட்டுப் போட்டாக?"

"அங்கன படிச்ச புள்ளதான நீயி. சித்தப்பா மகளயும் அங்கனதான் சேத்துருக்கு. நீ ஒரு நாள் வந்து பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்த பேசிட்டுப் போனா, அவள நல்லாப் பாத்துக்கிருவாக. தாளாளரு அய்யாவே போன் போட்டுச் சொன்னாக."

"நான் வரலப்பா."

"இன்னும் அதயேவா நெனச்சுக்கிட்டு இருக்க? அன்னைக்கு அவுக ஏதோ பேசிட்டாக. விட்டுருத்தா."

"அவுகள எப்பவோ விட்டுட்டேன். நீங்க கும்பிட்டதத்தான் விட முடியல. உள்ள வந்த ஒடனே கையக் கூப்புனீகளே, என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா? நாந்தான் தப்புப் பண்ணேன்னு எப்பிடி முடிவு பண்ணீக?"

பேசியே விட்டேன். இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்தது. அந்தப் பக்கம் தோட்டத்து மோட்டார் ஓடுவது கேட்டது.

"நீ தப்புப் பண்ணல, அது எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. "அன்னைக்கே தெரியும். நான் உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒங்க மேடம் படிக்கிட்ட என்னய நிப்பாட்டி எல்லாத்தயும் சொன்னாக. அய்யா தண்ணி தெளிச்சுத்தான் போச்சு, புள்ள மேல குத்தமில்ல, எங்களால வாயத் தொறந்து சொல்ல முடியாதுன்னு அழுதாக. தெரிஞ்சுதான் உள்ள வந்து கும்பிட்டேன்."

அப்பா என்னை நம்பவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நம்பாத அப்பாவோடு எப்படிப் பேசுவது என்று பழகியும் வைத்திருந்தேன். நம்பிக்கொண்டே கும்பிட்ட அப்பா எனக்குப் புதுசு.

"பஸ்ல வரும்போதாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லியிருந்தா நீ மறுநாளே சண்டைக்குப் போயிருப்ப. அவுக பரீட்ச எழுத விட்டுருக்க மாட்டாக."

போயிருப்பேன், சந்தேகமே இல்லை. தோற்றும் இருப்பேன். ஆனால் நான் சரியாகத்தான் செய்தேன் என்று தெரிந்த ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார் என்பது தெரிந்து தோற்றிருப்பேன். அதை எனக்குத் தராமல் பரீட்சையை வாங்கிக் கொடுத்தார். அவர் கணக்கில் அது நல்ல பேரமாக இருந்திருக்கும். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை.

"நான் வரமாட்டேன்னு அவுககிட்ட நீங்களே சொல்லிருங்கப்பா" என்றேன்.

"அவுககிட்டப் போயி எப்பிடித்தா சொல்ல?"

"கும்பிடாமச் சொல்லுங்க" என்றேன்.